ஸ்கேனருக்குத் தெரியாத முகங்கள்

அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில், ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் மின்னாக்கப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். பழைய நெகட்டிவ்கள், செய்தித்தாள்கள், குடும்ப ஆல்பங்கள், தேவாலயப் பதிவேடுகள் ஆகியவற்றைப் படியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் விவரக்குறிப்பு எழுதி, இணையத்தில் தேடிப் பார்க்கும்படி ஏற்றி வைப்பது எங்கள் வேலை. எங்களிடம் வருபவற்றில் கணிசமான பகுதி இந்த வட்டாரத்துக் கறுப்பின மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தவை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது இயந்திரம் செய்யும் வேலையாகத் தோன்றும். ஆனால் ஒரு படத்தை எந்த வெளிச்சத்தில் படியெடுப்பது, எந்தச் சொல்லின் கீழ் பட்டியலில் சேர்ப்பது, யார் பார்க்கத் திறந்து வைப்பது என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவுகளில் பெரும்பாலானவை நாங்கள் பணிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே, வெள்ளையரை மட்டும் மனதில் வைத்து எடுக்கப்பட்டுவிட்டன. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் கறுப்பின அறிஞர்களும் கலைஞர்களும், அவர்களைப் படித்து வளர்ந்த என் சக பணியாளர்களும்தான்.

ஒரு நெகட்டிவை எடுத்துக்கொள்கிறேன். 1950களில் கறுப்பினத்தவர் ஒருவர் நடத்திய ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. ஈஸ்டர் ஞாயிறுக்காகத் தைத்த வெள்ளைக் கவுன் அணிந்த சிறுமி, கறுப்புக் கோட்டு அணிந்த தந்தையின் அருகில் நிற்கிறாள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழாக இருக்கும். கவுன் அடர்த்தியாகவும், தந்தையின் முகமும் கோட்டும் ஒளி ஊடுருவும்படி மெல்லியதாகவும் பதிந்திருக்கும். ஸ்கேனரைத் தானியங்கி அமைப்பில் விட்டால், அது இருண்ட முனையை வெட்டிவிட்டு நடுத்தரமான ஒரு படத்தைத் தரும். அதில் கவுனின் மடிப்புகள் தெளிவாக இருக்கும். தந்தையின் முகமோ கோட்டோடு கலந்து ஒரே இருளாகிவிடும். நெகட்டிவில் அந்த முகம் இல்லாமல் போகவில்லை. தானியங்கி அமைப்பை அணைத்து, சாயல்களை நுணுக்கமாகப் பதியும் 16 பிட் ஆழத்தில், மெல்லிய பகுதிக்கு ஏற்ப எக்ஸ்போஷரை வைத்து, ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் இருண்ட முனை வெட்டுப்படாமல் பார்த்துக்கொண்டால், கன்னத்து எலும்பின் மேல் விழுந்த பக்கவாட்டு ஒளியும், புருவத்துக்கு மேலுள்ள சிறு தழும்பும், அன்று காலையில் சவரம் செய்த தாடையின் மினுமினுப்பும் வந்துவிடுகின்றன. அந்த ஒளியை ஸ்டுடியோக்காரர் தெரிந்தேதான் பக்கவாட்டில் வைத்திருக்கிறார். உருப்பெருக்கியில் பார்த்தால், கண்ணுக்குக் கீழே பென்சிலால் அவர் செய்த நுண்ணிய திருத்தம்கூடத் தெரியும். வாஷிங்டனில் 1911இல் தொடங்கப்பட்ட ஸ்கர்லாக் ஸ்டுடியோவைப் போலப் பல ஊர்களில் இத்தகைய கலைஞர்கள் இருந்தார்கள். கறுப்புத் தோலுக்கு எப்படி ஒளியமைப்பது என்பதை அவர்கள் தாங்களாகவே வகுத்துக்கொண்டார்கள். அவர்கள் வாங்கிய வண்ண பிலிம் அவர்களுக்காகத் தயாரிக்கப்படவில்லை.

அந்தக் கதையை கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பிலிம் தயாரித்த கோடாக் நிறுவனம் ஒளிப்படம் அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய சோதனை அட்டையில் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் இருக்கும். முதல் மாடலின் பெயரை ஒட்டி அதை ‘ஷெர்லி அட்டை’ என்பார்கள். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்துவிட்டால் எல்லாம் சரி என்று பொருள். கறுப்பு, வெள்ளைக் குழந்தைகள் ஒன்றாக அமர்ந்த பள்ளிப் படங்களில் கறுப்புக் குழந்தைகளின் கண்களும் பற்களும் மட்டுமே தெரிவதாகத் தாய்மார்கள் முறையிட்டும் காரியம் நடக்கவில்லை. சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் வரவில்லை என்று சொன்ன பிறகே பிலிமின் தன்மையில் கவனம் செலுத்தினார்கள் என்று அந்த ஆய்வு காட்டுகிறது. பல நிறத்துப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை 1990களின் நடுப்பகுதியில்தான் வந்தது. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களுக்கு வந்ததும் இதே பிலிம்தான். முகத்தை வெளுப்பாக்கித் தருவதை அங்கே ஒரு சேவையாகவே பலர் கருதினார்கள். அங்கே பிறந்து வளர்ந்த எனக்கு, இந்த ஆய்வைப் படித்த நாள்களில் கோபம் அடங்க வெகுநேரம் பிடித்தது.

உடனடிப் படம் தரும் கேமராக்களைத் தயாரித்த போலராய்ட் நிறுவனத்தில் நடந்ததை ஒவ்வொரு தொழில்நுட்பப் பணியாளரும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அடையாளச் சீட்டுகளுக்குத் தங்கள் நிறுவனத்தின் கருவிகள் பயன்படுகின்றன என்பதை 1970இல் கண்டறிந்தவர்கள் அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்த கரோலைன் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற கறுப்பின ஊழியர்கள். ஹன்டர் ஒரு வேதியியலாளர். இருவரும் போராட்டம் தொடங்கினார்கள். ஹன்டர் வேலையை இழந்தார். 1977இல் நிறுவனம் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவருக்குத் தன் வேலையின் போக்கிடம் குறித்துக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்பதை அவர்கள் தங்கள் பிழைப்பைப் பணயம் வைத்து நிலைநாட்டினார்கள்.

இருண்டதை எல்லாம் வெளிச்சமாக்கிவிட்டால் நியாயம் செய்ததாகிவிடும் என்பதும் சரியல்ல. நியூயார்க்கின் ராய் டிகராவா 1952இல், கலைஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் தரப்படும் குகன்ஹைம் உதவித்தொகையைப் பெற்ற முதல் கறுப்பின ஒளிப்படக் கலைஞர். அவருடைய அச்சுகள் ஆழ்ந்த சாம்பல் நிறங்களிலேயே இயங்குகின்றன. முகம் மெல்ல மெல்லத்தான் கண்ணுக்குப் பிடிபடும். அது அவர் விரும்பித் தேர்ந்த அழகு. அவ்வகை அச்சு ஒன்றின் படியைத் திரையில் பளிச்சென்று ஆக்குகிறவர், அவருடைய முடிவை அழித்துத் தன் முடிவை அங்கே வைக்கிறார். ஆகவே எங்கள் பிரிவில் நெகட்டிவுக்கு ஒரு விதி, கலைஞரே போட்ட அச்சுக்கு வேறு விதி.

செய்தித்தாள்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. 1905இல் ராபர்ட் அபட் தொடங்கிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ ரயில் ஊழியர்களின் கைகள் வழியாகத் தென்மாநிலங்களுக்குள் வந்து சேர்ந்த பத்திரிகை. இத்தகைய கறுப்பினப் பத்திரிகைகள் பலவும் இன்று பெரும்பாலும், பக்கங்களை மிகச் சிறிதாக்கிப் படமெடுத்த மைக்ரோபிலிம் சுருள்கள் வழியாகவே படிக்கக் கிடைக்கின்றன. எழுத்து தெளிவாக வர வேண்டும் என்று அந்த பிலிம் கறுப்பு வெள்ளை முரண் மிகுந்ததாகத் தயாரிக்கப்பட்டதால், பக்கத்திலுள்ள ஒளிப்படங்களில் கறுப்பர்களின் முகங்கள் மைக்கறையாகிவிட்டன. பட்டமளிப்பு விழா, திருமணம், பள்ளி இசைக்குழு என்று அந்தச் சமூகம் தன்னைப் பெருமையோடு காட்டிக்கொண்ட பக்கங்களே இப்படிப் பாழாகியிருக்கின்றன. மூலத் தாள் எங்காவது ஒரு வீட்டுப் பெட்டியில் கிடைக்கிறது என்று தெரிந்தால், மீண்டும் வண்ணத்தில் படியெடுக்க நாங்கள் எவ்வளவு தூரமும் போகிறோம்.

முகங்களைத் தானே கண்டறிந்து தொகுத்துத் தரும் மென்பொருள் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு விற்க வந்தார்கள். என் மேசைக்கு எதிரே அமர்ந்திருக்கும் ஆவணக்காப்பாளர், கறுப்பினப் பெண்மணி, விற்பனையாளர் கொண்டுவந்த மாதிரிப் படங்களை ஓரமாக வைத்துவிட்டு, “எங்கள் பெட்டியிலிருந்து போட்டுக் காட்டுங்கள்” என்றார். தேவாலயப் பாடகர் குழுவின் படத்தில் முன்வரிசையிலேயே பல முகங்கள் அந்த மென்பொருளுக்கு முகங்களாகத் தெரியவில்லை. அவருக்கு அதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. கணினி ஆய்வாளர்களான ஜாய் பூலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வை அவர் வரிவரியாகப் படித்திருந்தார். மூன்று ஆப்பிரிக்க நாடுகள், மூன்று ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றின் நாடாளுமன்ற உறுப்பினர்களுடைய 1,270 முகங்களைக் கொண்டு, பாலினத்தை ஊகிக்கும் வணிக மென்பொருள்களை அவர்கள் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை சென்றது. இத்தகைய பிழை ஒரு நூலகத்தில் நேர்ந்தால் பட்டியல் கெடும். காவல் துறையில் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை, 2020 ஜனவரியில் டெட்ராய்ட் அருகே மென்பொருளின் தவறான பொருத்தத்தால் தன் வீட்டு வாசலிலேயே கைதான ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரின் வழக்கு காட்டியது. அந்த மென்பொருளை நாங்கள் வாங்கவில்லை.

படத்துக்கு அடுத்தது சொல். ஹோவர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் 1930 முதல் 1973 வரை கறுப்பின நூல்தொகுதியைக் கட்டியெழுப்பிய டொரதி போர்ட்டரை என் துறையின் மிகப் பெரிய ஆளுமைகளில் ஒருவராகக் கருதுகிறேன். அவர் வேலைக்கு வந்தபோது, டியூயி தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றிய நூலகங்கள் கறுப்பர் எழுதியவற்றையும் கறுப்பரைப் பற்றியவற்றையும் 325 அல்லது 326 என்ற இரண்டு எண்களுக்குள் அடைத்தன. ஒன்று குடியேற்றம், மற்றொன்று அடிமைமுறை. கறுப்பினக் கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனின் கவிதை நூலும் குடியேற்றத்தின் கீழ் போய் உட்கார்ந்திருந்தது. போர்ட்டர் அந்த அடைப்பைப் பிரித்து, கவிதையைக் கவிதைக்கும் இசையை இசைக்கும் மருத்துவத்தை மருத்துவத்துக்கும் அனுப்பினார். சாஃபியா நோபிள் 2010 வாக்கில் ‘கறுப்பினச் சிறுமிகள்’ என்று கூகுளில் தேடியபோது முதல் பக்கமே ஆபாசத் தளங்களால் நிறைந்திருந்ததைக் கண்டு, அதிலிருந்து தன் ஆய்வை வளர்த்து 2018இல் நூலாக்கினார். அவரும் நூலக, தகவல் அறிவியல் படித்தவர் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. தேடுபொறி புதியது, கறுப்பரை எந்த அலமாரியில் வைப்பது என்பதை அவர்கள் அல்லாதவர்கள் தீர்மானிப்பது பழையது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பொருள் தலைப்புகளில் ‘நீக்ரோக்கள்’ என்ற சொல் 1970களின் நடுப்பகுதி வரை நீடித்தது. எங்கள் பழைய பட்டியல் அட்டைகளிலும் அதுதான் இருக்கிறது. ஆய்வாளர்கள் வரலாற்றை அறிய வேண்டும் என்பதால் பழைய அட்டையைத் தனியாகப் பாதுகாக்கிறோம்; பொதுமக்கள் தேடும் இடத்தில் புதிய விவரக்குறிப்பு இருக்கிறது.

அந்த விவரக்குறிப்பை எழுத எங்களால் தனியாக முடியாது. பிட்ஸ்பர்க்கில் ‘கூரியர்’ பத்திரிகைக்குப் படமெடுத்த சார்ல்ஸ் ‘டீனி’ ஹாரிஸின் ஏறக்குறைய 80,000 நெகட்டிவ்களை 2001இல் பெற்ற கார்னகி கலை அருங்காட்சியகம், அந்நகர மக்களை அழைத்துப் படத்தில் இருப்பவர்களை அடையாளம் காணச் சொன்னது. அந்த வழியை நாங்களும் பின்பற்றுகிறோம். தேவாலயக் கூடத்தில் படங்களைப் பெரிதாக்கி வைத்திருந்த ஒரு சனிக்கிழமை, கைத்தடியோடு வந்த முதிய அம்மையார் ஒருவர், ‘அடையாளம் தெரியாத வேலைக்காரப் பெண்’ என்று அட்டையில் எழுதப்பட்டிருந்த படத்தின் முன் நின்றார். அது தன் அத்தை என்றார். அவர் ஓர் ஆசிரியை என்றும், அன்று அணிந்திருந்தது வேலைக்காரி உடை அல்ல, தேவாலயத்தில் உதவியாளர்கள் அணியும் வெள்ளைச் சீருடை என்றும் சொன்னார். “இதை எழுதியவர் எங்கள் தேவாலயத்துக்குள் ஒருநாளும் வந்ததில்லை” என்றார். அத்தையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் நான் எழுதும்போது ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்துக்கொண்டே நின்றார். வெள்ளைச் சீருடை அணிந்த கறுப்பினப் பெண் என்றால் வேலைக்காரி என்று முடிவு கட்டிய அந்த அட்டையும், முகத்தைக் காணாத மென்பொருளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இணையத்திலேயே பிறந்த பதிவுகளில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. 2014 ஆகஸ்ட் 9 அன்று ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞரைக் காவலர் சுட்டுக் கொன்ற சில நாள்களில் அமெரிக்க ஆவணக்காப்பாளர்கள் தங்கள் ஆண்டு மாநாட்டுக்காக வாஷிங்டனில் கூடியிருந்தார்கள். அந்தச் சந்திப்பில் பெர்கிஸ் ஜூல்ஸ், எட் சம்மர்ஸ் போன்றவர்களிடையே நடந்த பேச்சிலிருந்து, அந்தக் கொலையையும் அதை எதிர்த்த போராட்டங்களையும் பற்றிய ட்விட்டர் பதிவுகளைத் திரட்டும் முயற்சி வளர்ந்தது. ஒரு கோடியே 30 லட்சத்துக்கும் அதிகமான பதிவுகள் சேர்ந்தன. அதன் தொடர்ச்சியாக உருவான ‘டாக்குமென்டிங் த நௌ’ திட்டம், சேமிப்பதோடு சேர்த்தே ஒப்புதலைப் பற்றியும் பேசியது. போராட்டக்காரரின் பதிவு வரலாற்றாசிரியருக்கு ஆவணம்; காவல் துறைக்கு அதுவே துப்பு. அதனால் முழுப் பதிவையும் பரப்பாமல், பதிவின் எண்ணை மட்டும் பகிரும் முறையை அவர்கள் பயன்படுத்தினார்கள். எழுதியவர் தன் பதிவை அழித்துவிட்டால், எண்ணை வைத்திருப்பவருக்கும் அது கிடைக்காது. தொழில்நுட்பத்தில் நான் கண்ட மிகக் கண்ணியமான ஏற்பாடுகளில் ஒன்று இது.

இந்த இடத்தில் ஆய்வாளர் ஆந்த்ரே பிராக்கின் கருத்தும் எங்களுக்கு வழிகாட்டியது. கறுப்பர்களின் இணைய வாழ்வைத் துயரமாகவும் போராட்டமாகவும் மட்டும் பார்க்கக் கூடாது. கேலியும் பேச்சுத்திறனும் அன்றாட மகிழ்ச்சியும் அதன் மையத்தில் இருக்கின்றன என்பது 2020இல் வெளிவந்த அவர் நூலின் வாதம். உண்மையில் நிறுவனங்கள் நிதி கொடுப்பது பெரும்பாலும் துயரத்தைச் சேமிக்கத்தான். எங்கள் நூலகத்தில் ஒரு முடிதிருத்தகத்தின் வீடியோக்களையும், குடும்ப விருந்துகளின் செல்பேசிப் படங்களையும் சேகரிப்பில் சேர்க்க நாங்கள் வாதாட வேண்டியிருந்தது. வாதாடிச் சேர்த்தோம்.

எதைத் திறந்து வைப்பது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. 1850இல் லூயி அகாஸீ என்ற ஹார்வர்ட் விஞ்ஞானி, இனக் கோட்பாடு ஒன்றை நிறுவுவதற்காகத் தென் கரோலினாவில் ரென்டி, டெலியா உள்ளிட்ட அடிமைப்பட்டோரை ஆடை களைந்து படமெடுக்கச் செய்தார். 1990களில் கறுப்பினக் கலைஞர் கேரி மே வீம்ஸ் அந்தப் படங்களைச் செந்நிறமாக்கி, மேலே கண்ணாடியில் வாசகம் பொறித்து, பார்ப்பவரைக் கேள்வி கேட்கும் கலைப்படைப்பாக்கினார். ரென்டி தன் மூதாதை என்று கூறும் டமாரா லேனியர் ஹார்வர்டுக்கு எதிராக 2019இல் தொடுத்த வழக்கு 2025இல் சமரசத்தில் முடிந்தது. மூலப் படங்கள் சார்ல்ஸ்டனிலுள்ள சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குச் செல்வதாக முடிவாயிற்று. அந்த வழக்கு நடந்த ஆண்டுகளில் எங்களிடம் ஒரு சிறைப் பண்ணையின் படங்கள் வந்தன. கால்விலங்கோடு நிற்கும் கறுப்பின ஆண்கள், அவர்கள் கையில் எண் எழுதிய பலகை. ஆய்வாளர்கள் உடனே இணையத்தில் ஏற்றச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணமும் வலுவானது, ஏனெனில் அந்தக் கொடுமைக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. என் சக பணியாளர் அந்தப் பலகை எண்களைச் சிறைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பெயர்களைக் கண்டுபிடித்து வருகிறார். பெயர் கிடைத்தவர்களின் குடும்பங்களைத் தேவாலயங்கள் வழியாகத் தேடுகிறோம். படங்களை முழுத் தரத்தில் படியெடுத்துச் சேமித்துவிட்டோம். வாசிப்பறையில் வந்து கேட்பவர்களுக்குக் காட்டுகிறோம். இணையத்தில் ஏற்றுவதைப் பற்றி, கண்டுபிடித்த குடும்பங்களோடு அடுத்த மாதம் பேசவிருக்கிறோம்.