மாதர் சங்கத்தில் எனக்கும் ஒரு கதிரை

கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவை விட்டு, குவெல்ப்புக்கு வடக்கே இருக்கும் இந்தச் சிற்றூருக்கு நாங்கள் வந்தது ஒரு நவம்பர் மாதம். இவருக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது, வாடகையும் குறைவு. ஸ்காபரோவில் லிஃப்டில் ஏறினாலே தமிழ் கேட்கும். இங்கே கறிவேப்பிலை வாங்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓட வேண்டும். மகளுக்கு அப்போது ஐந்து மாதம். இவர் இரவு வேலைக்குப் போய்விட்டால் நானும் பிள்ளையும் ஹீற்றர் சத்தமும்தான்.

மூன்றாவது கிழமை யாரோ கதவைத் தட்டினார்கள். எண்பது வயதை நெருங்கிய ஒரு வெள்ளைக்கார அம்மா, கையில் துணியால் மூடிய தட்டோடு நின்றார். தட்டு நிறையப் பட்டர் டார்ட். இந்த ஒன்ராறியோப் பக்கத்துப் பலகாரம் அது: உள்ளங்கைக்குள் அடங்கும் மாக்கிண்ணம், உள்ளே வெண்ணெயும் சீனியும் முட்டையும் சேர்ந்து தேன்போலத் தளதளக்கும். அதற்குள் முந்திரிகை வற்றல் போடலாமா கூடாதா என்று இங்கே வீட்டுக்கு வீடு வழக்கு உண்டு. தட்டைத் தந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை ஊர் மண்டபத்தில் கூட்டம் இருக்கிறது, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வா என்றார். ஏதோ மதக் கூட்டமாக்கும் என்று நினைத்தேன். என் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். "தேவாலயம் இல்லை, வுமன்ஸ் இன்ஸ்ரிரியூட்" என்று தெளிவாகச் சொன்னார். இரவு இவரிடம், "மாதர் சங்கமாம்" என்றேன். "வீட்டுக்குள்ளேயே இருந்து என்ன செய்யப்போறீர், போய்ப் பாருமன்" என்றார்.

மாதர் சங்கம் என்ற சொல்லே எனக்கு அம்மம்மாவின் சொல். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் ஊர் மாதர் சங்கத்தில் அவர் பொருளாளராக இருந்தவர். பின்னேரங்களில் பனையோலைப் பெட்டி இழைப்பதும் தையல் பழகுவதும், சீட்டுக் காசை எண்ணி முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகுவதுமாக அவரைப் பார்த்திருக்கிறேன். அதனால் செவ்வாய்க்கிழமை கொஞ்சம் துணிவோடுதான் போனேன்.

கூட்டம் வரவுப் பதிவோடு தொடங்கியது. பெயரைக் கூப்பிட்டால் 'ஓம், வந்திருக்கிறேன்' என்று சொன்னால் போதாது. அன்றைக்கென்று ஒரு கேள்வி வைத்திருப்பார்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அன்றைய கேள்வி: எதையும் வீணாக்காமல் இருக்க உன் தாய் கற்றுத்தந்தது என்ன? ஒருவர் மாப்பையைப் பிரித்துப் பிள்ளைக்குச் சட்டை தைத்ததைச் சொன்னார். இன்னொருவர் பழைய கம்பளிச் சட்டையின் நூலை அவிழ்த்துச் சுற்றி மறுபடி பின்னியதைச் சொன்னார். என் முறை வந்தபோது நான் சிரட்டையைப் பற்றிச் சொன்னேன். தேங்காய் துருவிய பிறகு சிரட்டை அகப்பையாகும், விறகாகும், எரித்தால் கரியாகும், அந்தக் கரியில்தான் அம்மம்மா வெள்ளைச் சேலைக்கு அயன் பண்ணுவார் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. செயலாளர் பேனையை நிறுத்தி, சிரட்டைக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல, கூட்டக் குறிப்பில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். கனடாவில் என் பெயரைத் தவிர வேறொரு தமிழ்ச் சொல்லை ஒருவர் கேட்டு எழுதியது அன்றுதான் முதல் தடவை.

என்னைக் கூட்டிப்போனவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. தாயைவிட மூத்தவரை எப்படிப் பெயர் சொல்வது? பல மாதம் பெயரே இல்லாமல்தான் கதைத்தேன். பிறகு ஒருநாள் 'அன்ரி' என்றுவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு மட்டும் அவர் அன்ரி.

சங்கத்தின் கதையை எனக்குச் சொன்னவரும் அவர்தான், குவில்ட் தைத்தபடி. நான்கு பக்கமும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய போர்வையைச் சுற்றி எட்டுப் பேர் இருப்போம். ஊசி மேலிருந்து இறங்கும், கீழே இருக்கும் விரல் அதன் முனையைத் தொட்டு உணர்ந்து மேலே தள்ளும். முதல் மாதம் என் விரல் நுனியெல்லாம் புள்ளிப் புள்ளியாகக் காயம்.

அடிலெய்ட் ஹூட்லெஸ் என்று ஒரு பெண். ஹமில்ற்றனில் வசதியாக வாழ்ந்தவர், கணவர் தளபாட உற்பத்தியாளர். 1889 ஓகஸ்டில் அவருடைய கடைசி மகன் இறந்துபோனான், ஒன்றரை வயதுகூட நிரம்பவில்லை. கெட்டுப்போன பால்தான் காரணம் என்று சங்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். அந்தக் காலத்தில் பால் திறந்த பாத்திரங்களில் வீதி வழியே வரும், வெயிலும் தூசும் ஈயும் அதில் படும். அதன் பிறகு அந்தத் தாய், சுத்தமும் சமையலும் குழந்தை வளர்ப்பும் பெண்கள் தட்டுத்தடுமாறிக் கற்கும் விஷயங்களாக இருக்கக்கூடாது, பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசப் போனார். அன்ரி இதைச் சொன்னபோது என் மகள் போர்வைச் சட்டத்துக்குக் கீழே தவழ்ந்துகொண்டிருந்தாள். நான் ஊசியை வைத்துவிட்டு அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் பேச்சைக் கேட்ட ஏர்லண்ட் லீ என்ற விவசாயி ஹமில்ற்றனுக்குப் பக்கத்து ஸ்ரோனி கிறீக்குக்கு அவரை அழைத்தார். ஆண்களுக்கு விவசாயச் சங்கம் இருக்கிறது, மாட்டுக்கு என்ன தீனி போடுவது என்று கூடிப் பேசுகிறார்கள். பிள்ளை வளர்ப்பதைப் பேசப் பெண்களுக்கு ஏன் ஒன்று இல்லை என்பதுதான் ஹூட்லெஸ் கேட்டது. அடுத்த கிழமை, 1897 பெப்ரவரி 19ஆம் திகதி, ஸ்கொயர்ஸ் ஹோல் மண்டபத்துக்கு 101 பெண்களும் ஓர் ஆணும் வந்தார்கள். அந்த ஆண் லீதான். ஒன்ராறியோவின் பெப்ரவரிக் குளிரில், பனியில், குதிரை வண்டி கட்டிக்கொண்டு நூற்றியொரு பெண்கள்! இங்கே ஒரு மாரியைக் கழித்தவர்களுக்கு அது விளங்கும். உலகத்தின் முதல் வுமன்ஸ் இன்ஸ்ரிரியூட் அது. சங்கத்தின் யாப்பை லீயின் மனைவி ஜனெற் தங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதினார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம்; மேசையையும் பார்த்துவிட்டு வந்தேன்.

அங்கிருந்து அது பரவிய வேகம் பெரிது. 1915இல் மட்ஜ் வாட் என்ற கனேடியப் பெண் வேல்ஸில் தொடக்கிவைக்க, பிரித்தானியா முழுவதும் போனது. போர்க்காலங்களில் கனடாவின் சங்கத்துப் பெண்கள் காலுறை பின்னினார்கள், ஜாம் காய்ச்சிக் கப்பலில் அனுப்பினார்கள். ஆனால் எனக்குப் பெரிதாகப்படுவது பால் விஷயம்தான். பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கிய பிறகே விற்க வேண்டும் என்று ஒன்ராறியோவில் 1938இல் சட்டம் வந்தது. அதைக் கேட்டு நின்றவர்களில் இந்தச் சங்கத்துப் பெண்களும் உண்டு. கிராமக் கிளையில் ஒரு தீர்மானம், அது மாவட்டத்துக்கு, அங்கிருந்து மாகாணத்துக்கு என்று படிப்படியாக ஏறும். ஹூட்லெஸ் அதைப் பார்க்கவில்லை. 1910இல் ரொறன்ரோவில் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து இறந்தார்.

சரி, இதெல்லாம் அவர்களுடைய கதை, நான் கேட்டுக்கொண்டிருக்கும் விருந்தாளி என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். மேரி ரட்ணத்தைப் பற்றி வாசிக்கும் வரை.

மேரி ஏர்வின், 1873இல் இதே ஒன்ராறியோவில் பிறந்தவர். ரொறன்ரோவில் மருத்துவம் படித்து 1896இல் இலங்கைக்குப் போனார். கனகரட்ணம் என்ற தமிழரை மணந்ததால் மிஷன் பணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. திரும்பி வரவில்லை அவர். கொழும்பில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்தார், 1909இல் தமிழ் மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவரானார், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்களோடு நின்றார். 1930இல், கனடாவின் இந்தச் சங்கத்தையே மாதிரியாக வைத்து, கிராமத்துப் பெண்களுக்காக லங்கா மஹிலா சமிதியைத் தொடங்கினார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண். 1958இல் மகசேசே விருது.

அம்மம்மாவின் சங்கம் அந்தச் சமிதியின் கிளை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பே இந்த ஊர்ப் பெண்களின் பழக்கம் ஒன்று எங்கள் நாட்டுக்குப் போயிருக்கிறது, அதைக் கொண்டுபோனவர் ஒரு தமிழ் வீட்டு மருமகள். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் மேரி ரட்ணத்தைப் பற்றிக் கால் மணித்தியாலம் பேச அனுமதி கேட்டேன். பேசி முடித்ததும் அன்ரி, அவரை எங்கள் ட்வீட்ஸ்மியூர் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்றார். ஆளுநர் நாயகத்தின் மனைவியாக இருந்த லேடி ட்வீட்ஸ்மியூர் ஊக்கம் கொடுத்ததால், 1940களிலிருந்து கிளைகள் தங்கள் ஊர் வரலாற்றைத் தொகுத்துவருகின்றன. பழைய படங்கள், பண்ணை வீடுகள், இறந்தவர்களைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகள் எல்லாம் ஒட்டிய தடித்த புத்தகம் அது. செயலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. புத்தகம் இந்த ஊராருக்கு மட்டும், அந்த டொக்ரர் இங்கே வாழ்ந்தவர் இல்லையே என்றார். அவர் சொன்னது நியாயம்தான். இரண்டு கூட்டம் இதையே பேசினோம். கடைசியில் அன்ரிதான் வழி சொன்னார்: இவள் இந்த ஊர்க்காரிதானே, இவள் குடும்பத்துக்கு ஒரு பக்கம் கொடுப்போம், அதில் யாரைப் பற்றி வேண்டுமானாலும் இவள் எழுதட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்து எழுதினேன். மேலே நாங்கள் வந்த வருடம், இவருடைய வேலை, மகளின் பெயர். நடுவில் மேரி ரட்ணம். கீழே அம்மம்மாவின் படம், மடியில் பாதி இழைத்த பெட்டியோடு. தலைப்பைத் தமிழிலும் எழுதினேன். செயலாளர் அதைச் சரிவில்லாமல் நேராக வைத்து, பசை தடவி, ஓரத்தைத் தன் கையால் அழுத்தி ஒட்டினார். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டி, படத்துக்குக் கீழே அம்மம்மாவின் பெயரை எழுதச் சொன்னார்.