ஒரு பூனைக்கு வீடு பார்த்த கதை

பூனைகளைக் கொஞ்சலாம் என்றுதான் போனேன். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் கையில் கொடுத்தது ஒரு சுரண்டியும் ஒரு வாளி பிளீச்சிங் கரைசலும். "அக்கா, செருப்பை வெளியவே விட்டுடுங்க. உள்ள போட வேற இருக்கு" என்றான் பொறுப்பில் இருந்த பையன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். அடுத்த மூன்று மாதம் அவன் சொன்னதைத்தான் நான் கேட்டேன்.

தாம்பரம் தாண்டி, ஒரு வாடகை வீட்டு மாடியில் நடக்கும் சின்னக் காப்பகம். நாற்பது சொச்சம் பூனைகள். மணல் தட்டு சுரண்டுவது, கிண்ணம் கழுவுவது, தரை துடைப்பது, மறுபடி மணல் தட்டு. பினாயில் பாட்டிலை எடுத்தவளை அவன் பாய்ந்து தடுத்தான். ஈரத்தரையில் நடந்த பூனை பாதத்தை நக்கும், பினாயில் அதற்கு நஞ்சு. பிளீச் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று அப்போது கொஞ்சம் அலுப்பாகத்தான் இருந்தது.

எதற்கு என்று அக்டோபர் மழையில் தெரிந்தது. மடிப்பாக்கத்தில் ஒரு காரின் பானட்டுக்குள் மூன்று குட்டிகள். மழைக்கு இன்ஜின் சூடு சுகம் என்று ஏறிக்கொள்ளும். (மழைக்காலத்தில் வண்டியை எடுக்கும் முன் பானட்டை இரண்டு தட்டு தட்டுங்கள்.) ஐந்து வாரக் குட்டிகள். கடுகு, சீரகம், வெந்தயம் என்று பெயர் வைத்து ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையில் வைத்துக்கொண்டேன். பசும்பால் கொடுத்தால் பேதியாகும் என்பதால் குட்டிகளுக்கான பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சீரகம் தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. தாகம் இருக்கிறது, குடிக்க முடியவில்லை. டாக்டர் பார்த்த மாத்திரத்தில், "பான்லியூகோபீனியா மாதிரி இருக்கும்மா" என்றார். நாய்க்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வருமே, அதன் பூனை வடிவம். டிரிப் ஏற்றினோம். சீரகம் அன்று இரவே போய்விட்டது, வெந்தயம் மறுநாள் மதியம். கடுகு மட்டும் எப்படியோ பிழைத்தது. ஆரஞ்சு நிறக் குட்டி வேறு. விளம்பரம் போட்டால் கேட்க வேண்டுமா, ஆள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அந்த வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். கை துடைக்கும் சானிடைசருக்கெல்லாம் சாகாது, பிளீச்சுக்குத்தான் சாகும். தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை இடைவெளி விட்டுப் போட வேண்டும். ஐந்து வாரக் குட்டிக்கு அதற்குள் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டேன். "ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றார் டாக்டர். குளியலறையை நான்கு முறை கழுவினேன். "இனிமே ஒரு வருஷத்துக்கு உங்க வீட்டுக்குக் குட்டி கிடையாதுக்கா, ஊசி முடிஞ்ச பெரிய பூனை மட்டும்தான்" என்றான் பையன். அப்படித்தான் அம்மு என்னிடம் வந்தது.

அம்முவைப் பழக்கூடையில் வைத்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து, கயிறு கட்டிக் கொண்டுவந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். வளர்த்த பாட்டி இறந்துவிட்டார், மகன் வெளிநாட்டில், வீட்டைப் பூட்டியாயிற்று. ஆறு வயது இருக்கலாம். சாம்பலில் கறுப்பு வரி, மார்பு மட்டும் வெள்ளை. வயிற்று முடியை மழித்துப் பார்த்ததில் கருத்தடைத் தழும்பு இருந்தது. பாட்டி எல்லாம் முறையாகச் செய்திருக்கிறார். பதினான்கு நாள் தனிக் கூண்டில் வைத்து, ஊசி போட்டு, என் வீட்டுக்கு வந்த நிமிடத்தில் கட்டிலுக்கு அடியில் போனதுதான். பதினொரு நாள் வெளியே வரவில்லை. ராத்திரி நாங்கள் தூங்கிய பிறகு இரண்டு வாய் சாப்பிடும், அவ்வளவுதான். பூனை இரண்டு மூன்று நாள் சுத்தமாகச் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதனால் தினமும் காலையில் கிண்ணத்தை எடைபோட்டுப் பார்ப்பேன். நகை எடை பார்ப்பது போல இருக்கிறது என்று என் கணவர் சிரித்தார்.

பன்னிரண்டாம் நாள் பாத்திரம் கழுவும்போது ஒரு எவர்சில்வர் தட்டு கைதவறி விழுந்தது. டணார் என்று விழுந்து, சுற்றிச் சுற்றி அடங்கியது. எந்தப் பூனையும் நான்கு காலில் பறந்திருக்கும். அம்மு கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. வாலை நட்டுக்குத்தலாகத் தூக்கிக்கொண்டு, சமையலறை வாசலில் நின்று, "ம்ரா?" என்று ஒரு சத்தம். நான் ஈரக்கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு போன் போட்டால், "ஆமாம்மா, பாட்டி தட்டுல கரண்டியால தட்டித்தான் கூப்பிடும். தெரு முழுக்கக் கேட்கும்" என்கிறார். நாங்கள் இத்தனை நாளும் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு வீடு பார்க்கும் படலம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது இதைவிடச் சுலபம். போன் செய்பவர்களில் பாதிப் பேர், "பெர்சியன் இருக்கா?" நாட்டுப்பூனை என்றால் லைன் கட். "எலி பிடிக்குமா?" என்று கேட்டவர் நாலு பேர். இன்னொரு வீட்டில் எல்லாம் முடிவான பிறகு மருமகள் உண்டாகியிருப்பதால் வேண்டாம் என்றார்கள். கருவைப் பாதிக்கும் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமியின் பயம். பூனையின் மலத்தில் அந்தக் கிருமி வந்தாலும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். வேறு யாராவது மணல் தட்டை தினமும் சுத்தம் செய்தால் போதும், அரைவேக்காட்டு இறைச்சியையும் கழுவாத காய்கறியையும் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும் என்று விளக்கினேன். மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, ஆனா வேண்டாம்" என்றார். அதற்குமேல் என்ன பேச? மதில்மேல் பூனை என்று பழமொழி சொல்பவர்கள், பூனை கேட்டு வரும் மனிதர்களைப் பார்த்ததில்லை.

சோழிங்கநல்லூரில் ஒரு தம்பதி உண்மையாகவே ஆசைப்பட்டார்கள். ஏழாவது மாடி. பால்கனியில் புறாவுக்குக் கட்டும் நைலான் வலை இருந்தது. அதைப் பூனை கடித்துவிடும், கம்பி வலை போடுங்கள் என்றேன். இரண்டு நாளில் போட்டுப் படம் அனுப்பினார்கள். எங்கள் படிவத்தில் எல்லாம் இருக்கிறது: சொந்த வீடா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும். ஒன்பதாம் நாள் திருப்பித் தந்தார்கள். "எங்ககூட ஒட்டவே மாட்டேங்குது, பாவமா இருக்கு" என்று அந்தப் பெண் அழுதாள். புது பீங்கான் கிண்ணம், விலை உயர்ந்த மெத்தை, எல்லாம் கூடவே கொடுத்தனுப்பினாள். அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது, தட்டு விஷயத்தை நான் சொல்லவே இல்லை. கம்பி வலையின் கண் அளவுவரை பேசினேன், அதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜனவரியில் நங்கநல்லூரிலிருந்து ஒரு மாமி போன் செய்தார். பேத்தியின் போனில் படம் பார்த்தாராம். "ஆத்துல நானும் மாமாவும் மட்டும்தான். ஆனா ஒண்ணு, மீன் கீன் உள்ள வரப்படாது. தயிர் சாதம் சாப்பிடுமோன்னோ?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் போனை வைத்துவிடுவேன். பூனை சைவமாக வாழ முடியாது. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலிருந்துதான் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கண் போகும், இதயம் வீங்கும். அதை அப்படியே சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "டப்பால உருண்டை உருண்டையா விக்கறதே, அது?" என்றார். அது சரிதான், ஆனால் அதிலும் கோழி இருக்கிறது என்றேன். "அதை ஏன்டிம்மா சொல்றே. மாத்திரைன்னு நெனச்சுக்கறேன்."

வீட்டைப் போய்ப் பார்த்தேன். முதல் மாடி, பழைய கிரில் ஜன்னல்கள், இடைவெளி அகலம். பூனைக்குத் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். மாமா அளவு நாடாவோடு என் பின்னாலேயே வந்து குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் வலை அடித்தாயிற்று. இந்தமுறை படிவத்தின் கீழே கையால் எழுதினேன்: 'எவர்சில்வர் தட்டு. கரண்டியால் தட்டவும்.'

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. அம்மு கோத்ரெஜ் பீரோவுக்கு அடியில் புகுந்துகொண்டது. மாமி தினமும் தட்டினார், தினமும் எனக்கு போன். "வரலையே." சில பூனைகளுக்கு மூன்று நாள், சிலதுக்கு மூன்று வாரம், வீடு தன்னுடையது என்று தோன்ற மூன்று மாதம்கூட ஆகும் என்று சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை போய்விட்டது. கூடையை எடுத்துத் துடைத்து வைத்தேன், கூட்டி வர.

பதினெட்டாம் நாள் காலை போன் வரவில்லை. பத்தரை மணிக்கு நானே அழைத்தேன்.

"கையில மாவு, இரு" என்றார் மாமி. பின்னால் தட்டுச் சத்தம். "அரிசி டிரம் மேல ஏறி உக்காந்துண்டு எறங்க மாட்டேங்கறா. அரிசி எடுக்கணும். என்ன பண்றது சொல்லு."