மோட்டார் கம்பியில் தண்ணீர்

"எத்தனை ஹெச்பி மோட்டாருக்குங்க, அம்மிணி?" என்றார் கோவையில் நான் முதன்முதலாகப் போன வைண்டிங் கடைக்காரர். "மோட்டாருக்கு இல்லைங்க, க்ரோஷா போட" என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அப்புறம் எதுவும் பேசாமல் 30 கேஜ் காப்பர் கம்பியைத் தராசில் வைத்தார். கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டாருக்குள் சுற்றுகிற அதே எனாமல் கம்பி. அதில்தான் நான் தண்ணீர் பின்னுகிறேன்.

க்ரோஷா என்கிற கொக்கி ஊசிப் பின்னலைக் கற்றுக்கொடுத்தது அம்மிச்சி, என் அம்மாவின் அம்மா. டிவி மேல் போடும் விரிப்புதான் அவர் எல்லை. நூலில் கண்ணி தப்பினால் உருவிவிட்டு மறுபடி போடலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். கம்பி அப்படி விடாது. வளைக்க வளைக்க காப்பர் இறுகிக்கொண்டே போகும். பிரித்து நீவினாலும் பழைய வளைவு போகாது, இன்னும் இரண்டு முறை மடக்கினால் பட்டென்று முறியும். முதல் வருடம் முழுக்க ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரிதான்.

போன வருடம் ஓர் அலுவலக வரவேற்பறைச் சுவருக்கு ஆறடி உயரத்தில் 'தண்ணீர் மாதிரி ஏதாவது' கேட்டார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு ஊர்க்குளத்துக் கலிங்கில், குளம் நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற இடத்தில், போய் இரண்டு நாள் உட்கார்ந்தேன். விளிம்பு வரைக்கும் தண்ணீர் அசைவே தெரியாமல் கண்ணாடியாக வருகிறது. விளிம்பில் ஒரே வளைவு. கீழே கல்லில் விழுந்ததும் கலைந்து வெள்ளையாகிறது. சரி, மேலே வெறும் கம்பியில் அகலமான தளர்ந்த கண்ணிகள். கீழே கம்பியோடு வெள்ளைப் பருத்தி நூலையும் சேர்த்து நெருக்கமாக.

நுரைக்கு வழி ஏற்கெனவே இருந்தது. 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியர், சீரான இடைவெளியில் கண்ணியைக் கூட்டிக்கொண்டே போய் ஹைபர்பாலிக் தளம் என்கிற, விளிம்புக்குப் போகப் போகப் பரப்பு பெருகிக்கொண்டே போகும் வடிவத்தைக் க்ரோஷாவில் போட்டுக் காட்டினார். பரப்பு விரிய இடமில்லாமல் கொசுவிக்கொள்ளும். 2005இல் வெர்தைம் சகோதரிகள் அதே கணக்கில் பவளப்பாறைகளையே பின்ன ஆரம்பித்தார்கள். (அமெரிக்கச் சிற்பி ரூத் அசாவாவின் கம்பிச் சிற்பங்களையும் பலர் க்ரோஷா என்பார்கள். அது வேறு. 1947இல் மெக்சிகோவின் தொலூகாவில் கூடை பின்னுகிறவர்களிடம் அவர் கற்ற, கம்பியைக் கையால் வளையம் வளையமாகக் கோக்கும் முறை.)

ஆறு கண்ணிக்கு ஒன்று கூட்டுவதாக என் கணக்கு. ஒருநாள் இரவு தூக்கக் கலக்கத்தில் இரண்டுக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். ஒரு சாண் அளவுக்குச் சுருண்டு, முறுக்கிக்கொண்டு நின்றது. பிரிக்க முடியாது. வெட்டினால் நான்கு நாள் வேலை போகும். திட்டிக்கொண்டே படுத்துவிட்டேன். காலையில் அதைத் தூக்கி ஜன்னலோரம் பிடித்தபோது, தண்ணீர் கல்லில் மோதித் திரும்புகிற இடம் அச்சு அசலாக அங்கே இருந்தது. மீதிக் கணக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு அதன் போக்கிலேயே முடித்தேன்.

மாட்டப் போனபோது, "தண்ணி நீலமா இல்லையே?" என்றார் மேலாளர். புதுவெள்ளம் எங்கே நீலமாக வந்தது? செம்பு நிறத்தில்தான் வரும் என்று சொன்னேன். பாதி மனதோடு ஒத்துக்கொண்டார். மீதிப் பணம் மூன்று மாதம் கழித்து வந்தது.

கம்பி வாங்கப் போனபோது வைண்டிங் கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"கலிங்குங்களா?"

"ஆமாங்க."

"எவ்வளவு கம்பி போச்சு?"

"ரெண்டு கிலோ."

"ஒரு மோட்டாரே கட்டியிருக்கலாமுங்க" என்றபடி அடுத்த சுருளைத் தராசில் வைத்தார்.