அல்புமின் குறைந்தால் ஆயுளும் குறையுமா?

நுரையீரல் புற்றுநோய் என்றால் ஸ்கேன், பயாப்சி, மரபணுப் பரிசோதனை இதையெல்லாம்தான் பேசுவோம். ஆனால் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே வந்துவிடுகிற அல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்), லிம்ஃபோசைட், நியூட்ரோஃபில் (இரண்டும் வெள்ளை அணு வகைகள்) எண்களை வைத்தே நோயாளி எவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பார் என்று கணிக்கும் ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு வீட்டு ஆட்கள் கால்குலேட்டரோடு உட்கார்ந்துவிடுகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இவற்றில் பிரபலமானது பிஎன்ஐ (PNI) என்ற ஊட்டச்சத்துக் குறியீடு. 1984இல் ஜப்பானில் ஒனோடேராவும் உடன் பணியாற்றியவர்களும் வயிறு, குடல் அறுவை சிகிச்சைக்காகக் கொடுத்த கணக்கு: அல்புமினை (g/dL) 10ஆல் பெருக்கி, அதோடு லிம்ஃபோசைட் எண்ணிக்கையின் (ஒரு கன மி.மீ. ரத்தத்தில்) 0.005 மடங்கைக் கூட்ட வேண்டும். 45க்கு மேல் என்றால் அறுவைக்குத் தயங்க வேண்டாம், 40க்குக் கீழே ஆபத்து. பின்னாளில் இதையே நுரையீரல் புற்றுநோயிலும் போட்டுப் பார்த்தார்கள், எண் குறைவாக இருந்தவர்கள் மொத்தத்தில் குறைந்த காலமே வாழ்ந்ததாகப் பல ஆய்வுகளில் வந்தது.

இது ஜோசியம் இல்லை, காரணம் இருக்கிறது. கட்டி உடம்பில் அழற்சியைக் கிளப்பிவிடும்போது கல்லீரல் அல்புமின் செய்வதைக் குறைத்துக்கொண்டு சிஆர்பி (CRP) போன்ற அழற்சிப் புரதங்களைத் தயாரிக்கப் போய்விடும், நியூட்ரோஃபில் ஏறும், கட்டியோடு சண்டை போட வேண்டிய லிம்ஃபோசைட் இறங்கும். ஆகவே அல்புமின் குறைந்தால் "சரியாகச் சாப்பிடவில்லை" என்று நோயாளியைக் கடிந்துகொள்வது அநியாயம். அல்புமின் பாட்டில் ஏற்றினால் எண் கொஞ்ச நாள் அழகாகத் தெரியும், கட்டிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

சரி, கணக்கில் சிக்கல் எங்கே? அல்புமின் 3.8, லிம்ஃபோசைட் 1600 என்றால் பிஎன்ஐ 46. கீமோவுக்காக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்த மறுநாள் ரத்தம் எடுத்து லிம்ஃபோசைட் 800 ஆகியிருந்தால் 42. கட்டி அப்படியே இருக்கிறது, ஆள் மட்டும் 45 என்ற கோட்டுக்குக் கீழே வந்துவிட்டார்! நியூட்ரோஃபில்-லிம்ஃபோசைட் விகிதம் இதைவிட மோசமாக ஆடும், ஏனென்றால் ஸ்டீராய்டு ஒன்றை ஏற்றி மற்றதை இறக்கிவிடும். சளி முற்றி நிமோனியா ஆனாலும் இதே கதைதான். எனக்கு இன்னும் பெரிய உறுத்தல், அந்தக் கோட்டை ஆய்வுக்கு ஆய்வு வேறு வேறு இடத்தில் போடுவது. தங்களிடம் இருக்கும் நோயாளிகளிலேயே வித்தியாசம் நன்றாகத் தெரிகிற இடத்தைத் தேடிக் கோடு போட்டுவிட்டு, அதே நோயாளிகளை வைத்து "பார்த்தீர்களா, பிரிக்கிறது" என்றால் எப்படி?

2018இல் வந்த லிப்பி (LIPI) என்ற இன்னொரு குறியீடு, வெள்ளை அணு விகிதத்தோடு எல்டிஹெச் (LDH) என்ற நொதியின் அளவையும் சேர்த்துக்கொண்டு, இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் மருந்து) எடுப்பவர்களை மூன்று பிரிவாகப் பிரித்தது. பயனுள்ளதுதான். ஆனால் மோசமான பிரிவில் விழுந்தவருக்கு அந்த மருந்தே வேண்டாம் என்று அதை வைத்து முடிவெடுக்க முடியாது. இந்த நோயோடு எவ்வளவு காலம் என்பது ஒரு கேள்வி, எந்த மருந்து கேட்கும் என்பது வேறு கேள்வி.

என்னைக் கேட்டால், எண் இறங்கினால் டாக்டரிடம் "இன்னும் எத்தனை மாசம்" என்று கேட்பதைவிட வேறு சிலதைக் கேட்கலாம்: ஆறு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறதா, எங்காவது தொற்று இருக்கிறதா, ரத்தம் எடுத்தபோது ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்ததா, உணவியல் நிபுணரை இப்போதே பார்க்கலாமா. இவற்றுக்குப் பதில் கிடைத்தால் அன்றைக்கே ஏதாவது செய்யத் தொடங்கலாம்.