45 நாள் சட்டமும் எங்கள் சனிக்கிழமைகளும்

கோவை சின்னவேடம்பட்டி பக்கம் எங்களுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. சாதா லேத் மூன்று, கடன் வாங்கிப் போட்ட, கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி ஒன்று. பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, கடைந்து கொடுக்கிறோம். ராடு அவர்களுடையது; கடைசல், கீவே (சாவி பதியும் பள்ளம்), கிரைண்டிங் எங்களுடையது. இதைத்தான் ஜாப் ஒர்க் என்பார்கள். இயந்திரங்களை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். டெலிவரி சலான், பில், ஜிஎஸ்டி, பாங்கி, பார்ட்டிக்கு (வேலை தரும் கம்பெனிக்கு) போன் போடுவது எல்லாம் நான். அதனால் சிறுதொழிலுக்கு என்ன கஷ்டம் என்று யாராவது கேட்டால், பணம் என்றைக்குப் போகிறது, என்றைக்கு வருகிறது என்பதைத்தான் முதலில் சொல்வேன்.

போகிற நாளில் மாற்றமே கிடையாது. சனிக்கிழமை சம்பளம். பீகார் பையன்கள் அன்று இரவே வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள், அவர்களிடம் திங்கட்கிழமை என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. கடைசல் முனையான இன்சர்ட்டும் கட்டிங் ஆயிலும் ரொக்கத்துக்குத்தான் கிடைக்கும். பாங்கித் தவணை தேதி தவறினால் அபராதம். கரண்டுக்கு 2022 செப்டம்பர் வரை கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாயாக இருந்த நிலைக்கட்டணம் எங்கள் பிரிவில் 75 ஆனது. ஆர்டர் இல்லாமல் லேத் சும்மா நின்றாலும் அதைக் கட்டியாக வேண்டும்.

வருகிற நாள் அப்படி இல்லை. பேசும்போது 60 நாள் என்பார்கள். 60 ஆனதும், "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கேனுங்க, அடுத்த வாரம் போட்டுருவாங்க அக்கா" என்று பர்ச்சேஸ் தம்பி சொல்வார். நல்ல பையன், அவர் கையில் ஒன்றும் இல்லை. மூன்று மாதம், நான்கு மாதம் ஆவது எங்கள் தெருவில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஏன் தாமதம் என்றால், கம்பெனியும் டீலரிடம் காத்திருக்கிறது. டீலர் கோடை விற்பனையை நம்பிச் சரக்கு எடுத்து வைத்திருக்கிறார். அது எனக்குப் புரிகிறது. ஆனால் இத்தனை பேருடைய காத்திருப்புக்கும் வட்டி கட்டுவது கடைசியில் ஷாஃப்ட் கடைகிறவன்தான், பாங்கியில் எங்களுக்குள்ள ஓவர் டிராஃப்ட் கடனிலிருந்து.

ஜிஎஸ்டி இதில் இன்னொரு சுமை. இன்று ஒரு லட்சத்துக்கு ஜாப் ஒர்க் பில் போட்டால், 18,000 ரூபாய் வரியை அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். பார்ட்டி எனக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்க மாட்டார். ஜாப் ஒர்க்கில் முக்கியச் செலவு கூலி. அதனால் கழித்துக்கொள்ள எங்களிடம் உள்ளீட்டு வரியும் (நாங்கள் வாங்கும்போது கட்டிய வரி) அதிகம் இல்லை. 2019 அக்டோபரில் இன்ஜினியரிங் ஜாப் ஒர்க்குக்கு 18-லிருந்து 12 சதவீதமாகக் குறைத்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் மறுபடியும் 18. பார்ட்டி அதைக் கிரெடிட் எடுத்து, தான் கட்டும் வரியில் கழித்துக்கொள்வார், அவருக்கு நஷ்டமில்லை என்று விளக்கம் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அவர் பணம் தரும்வரை அந்த ஆறு சதவீதத்தையும் சேர்த்துப் புரட்டுவது யார்? நான் வரி கட்டத் தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி கேட்கிற அரசு, எனக்கு வர வேண்டியது தாமதமானால், நீயே போய்ப் புகார் கொடு என்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தருவது 45 நாளைத் தாண்டக்கூடாது; ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பாங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இணையதளத்திலேயே புகாரைப் பதிவு செய்யலாம், கோவையிலேயே அதை விசாரிக்கும் கவுன்சில் இருக்கிறது. தீர்ப்பை எதிர்த்து கம்பெனி கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். படித்துப் பார்த்தால் இவ்வளவு வலுவான சட்டமா என்று தோன்றும்.

ஆனால் புகார் கொடுத்த அன்றே ஆர்டர் நின்றுவிடும். பக்கத்துப் பட்டறையில் அதே ஷாஃப்டை ஒரு ரூபாய் குறைத்துக் கடைந்து கொடுக்க ஆள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் தப்பு சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் சனிக்கிழமை வருகிறதே.

அப்புறம் வருமான வரியில் 43பி(எச்) பிரிவைக் கொண்டுவந்தார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியைச் சட்டம் சொன்ன நாளுக்குள் தீர்க்காமல் ஆண்டு முடிந்துவிட்டால், அதை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. 2024 மார்ச் கடைசியில் பழைய பாக்கி சிலது மளமளவென்று வந்தது, நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். அதே மாதத்தில் ஒரு பார்ட்டி, சிறுதொழில் என்று அரசிடம் செய்திருக்கும் உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டால் தொடர்ந்து வேலை தருகிறோம் என்று நாசூக்காகச் சொன்னார். மறுத்துவிட்டோம். ஆர்டர் பாதியானது.

அதனால் என் முடிவு இது: சின்னவன் வாய் திறந்தால்தான் ஓடும் என்கிற சட்டம் எங்களுக்கு ஓடாது. புகார் இல்லாமலே பணத்தை நேரத்துக்கு வரவைக்க வழியும் இருக்கிறது. நான் பில்லை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றுகிறேன். பார்ட்டி அதை அங்கேயே ஏற்றுக்கொண்டு கிரெடிட் எடுக்கிறார். எந்தத் தேதியில் எடுத்தார் என்பது அரசுக்குத் தெரியும். 180 நாளுக்குள் பணம் தராவிட்டால் அந்தக் கிரெடிட்டைத் திருப்ப வேண்டும் என்ற விதி இப்போதே இருக்கிறது. அந்த 180-ஐ, குறுநிறுவனங்களின் பில்லுக்கு மட்டுமாவது 45 ஆக்குங்கள். எங்களைப் போன்றவர்கள் பணம் வந்த மாதத்தில் வரி கட்டினால் போதும் என்று வையுங்கள். கேட்பது இந்த இரண்டும்தான். மானியம் கேட்கவில்லை, கடன் மேளாவும் கேட்கவில்லை.

இதை மனுவாக எழுதி எங்கள் சங்கத்தில் கொடுக்கப்போகிறேன். நீங்களும் ஜாப் ஒர்க் செய்கிறவர் என்றால் பில் போட்ட தேதியையும் பணம் வந்த தேதியையும் எனக்கு அனுப்புங்கள். பார்ட்டி பெயர் வேண்டாம். உங்கள் பட்டறைப் பெயரும் வேண்டாம், தேதிகள் போதும்.