ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், 2,600 கிலோமீட்டர்

டில்லி மயூர் விஹார் வீட்டில் நான் கடைசியாக அடுப்பேற்றியது புளிக்காய்ச்சலுக்குத்தான். மறுநாள் காலை சாமான் லாரி வந்துவிடும். டப்பாவில் கிடந்த புளி, மிளகாய் வற்றல், வேர்க்கடலை எல்லாவற்றையும் எடுத்து, இருந்த நல்லெண்ணெய் முழுவதையும் ஊற்றிக் காய்ச்சினேன். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கிளறி, நான்கு பாட்டில்களில் நிரப்பினேன். வழியில் தங்கப்போகும் மூன்று வீடுகளுக்கு ஒவ்வொன்று, ஒன்று எங்களுக்கு.

பதினான்கு வருஷம் டில்லியில் இருந்துவிட்டு, என் கணவருக்கு மதுரைக்கு மாற்றல். விமானத்தில் போயிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். ஆனால் டில்லியில் எங்களுக்கு உறவு மாதிரி இருந்தவர்களெல்லாம் ஒவ்வொருவராக ஊர் திரும்பி, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓடும் 44ஆம் நெடுஞ்சாலை ஓரமாகவே குடியேறியிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்காமல் தலைக்கு மேலே பறந்து போக எனக்கு மனசு வரவில்லை. காரிலேயே கிளம்பினோம்.

டிசம்பர் கடைசி. மூடுபனி விலகட்டும் என்று பதினொரு மணிக்குத்தான் புறப்பட்டோம். ஆக்ராவில் இறங்கியது பேட்டா வாங்க மட்டும். வெண்பூசணியைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துப் பாகில் வேகவைக்கும் அந்தக் கண்ணாடித் துண்டுகளைக் கடிக்கும்போதெல்லாம் காசி அல்வா ஞாபகம் வரும். அதே காய்தான். ஒன்றைத் துண்டாகவே விட்டுவிட்டார்கள், இன்னொன்றைத் துருவி நெய்யில் கிளறினார்கள்.

தோல்பூர் தாண்டிச் சம்பல் பாலம். கீழே மண் முழுக்க அரித்துப் பிளந்த பள்ளத்தாக்குகள். அடுத்து வரும் மொரேனா, கஜக்குக்குப் பேர் போன ஊர். எள்ளையும் வெல்லப்பாகையும் சேர்த்து, மரச் சம்மட்டியால் அடித்து அடித்து ஏடு ஏடாக்குகிறார்கள். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாயில் வைத்ததும் உதிர்ந்துவிடும். நம் எள்ளுருண்டையைப் பல்லால் உடைத்துப் பழகிய மகள், "அம்மா, இதுவும் எள்ளுதானா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

குவாலியரில், நாங்கள் பாபி (அண்ணி) என்று கூப்பிடுபவர் வீடு. டில்லியில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தவர். மகள் பிறந்தபோது ஊரிலிருந்து அம்மா வந்து சேரும்வரை, ஐந்து நாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர். காலை ஆறு மணிக்கே சமையலறையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பேடயீ என்றால் உளுத்தம்பருப்பை அரைத்துப் பூரணமாக வைத்துப் பொரித்த பூரி. கூடவே வெங்காயம் சேர்க்காமல், பெருங்காயம் மணக்கும் உருளைக்கிழங்கு ரசா. அதை முடித்த கையோடு தயிரும் ஜிலேபியும். நான் கொடுத்த பாட்டிலைத் திறந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "டில்லி மாடி வீட்டு வாசனை" என்றார். அவர் கண் கலங்கியதும் எனக்கும் தாங்கவில்லை. மூச்சு முட்டும்படி கஜக் பொட்டலங்களைக் காரில் திணித்தார்.

அன்று இரவு சாகரில் லாட்ஜ். சாரைப்பருப்பில் செய்யும் பர்பி அந்த ஊரின் தனிச் சொத்து. நம் பக்கத்தில் பாயசத்தின் மேலே நாலு தூவுவோமே, அதே பருப்புதான். அங்கே அதையே அரைத்துக் கிளறி வில்லை போடுகிறார்கள். கால் கிலோ வாங்கியது இரவோடு இரவாகக் காலி.

மறுநாள் நர்மதையைத் தாண்டி, சிவனி வழியாகப் பெஞ்ச் காட்டுக்குள் சாலை நுழைந்தது. இங்கே சில இடங்களில் நெடுஞ்சாலையையே தூண்களில் தூக்கி நிறுத்தி, விலங்குகள் அடியில் கடந்து போக வழி விட்டிருக்கிறார்கள். மிக நீளமான வழி 750 மீட்டர். புலிகள் அதன் வழியே நடந்து போவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. சாலை போடுகிற இடத்திலெல்லாம் இந்த அக்கறை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நாக்பூரில் அவருடைய பழைய சக ஊழியர் வீட்டில் இரண்டு ராத்திரி. சாவ்ஜி மட்டன் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று அண்ணன் போனிலேயே சொல்லியிருந்தார். அது கோஷ்டி நெசவாளர் வீடுகளிலிருந்து வந்த சமையல். கருத்த குழம்பு, காரம் காதுவரை ஏறும். அந்தக் காரத்துக்கு அடியில் எனக்குத் தெரிந்த மணம் ஒன்று இருந்தது. அண்ணியிடம் கேட்டபோது அஞ்சறைப் பெட்டியைத் திறந்து காட்டினார். கல்பாசி! அங்கே அதற்குத் தகட்ஃபூல் என்று பேர். செட்டிநாட்டுச் சமையலறையில் இருக்கும் அதே கருஞ்சாம்பல் பூ. நாங்கள் இருவரும் அதை மாற்றி மாற்றி முகர்ந்துகொண்டு நின்றோம். காலையில் தர்ரி போஹா: அவல் உப்புமாவின் மேல் கொண்டைக்கடலை போட்ட காரக் குழம்பை ஊற்றிக் கொடுத்தார்கள். அவலை இப்படிச் சாப்பிடலாம் என்று எனக்கு இத்தனை வருஷம் தோன்றியதே இல்லை. புறப்படும்போது ஒரு பை ஆரஞ்சு, ஆரஞ்சு பர்பி. கொடுத்தது ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல்.

ஹைதராபாத் தோழியும் நானும் டில்லியில் ஒரே பள்ளியில் ஆசிரியைகள். காலையில் அவள் அம்மா பரிமாறியது கிச்சடி, கீமா, கட்டா. மஞ்சள் நிறத்தில் மசூர்பருப்புக் கிச்சடி, சுருள வதக்கிய கொத்துக்கறி, வறுத்த எள்ளை அரைத்துப் புளித்தண்ணீரில் கரைத்த நீர்த்த கட்டா. மூன்றையும் ஒரே கவளத்தில் பிசைந்து சாப்பிட வேண்டும். மூன்றாவது பாட்டிலை நீட்டினேன். அம்மா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "புளி, எள்ளெண்ணெய்... இது உங்க ஊர் கட்டா, இல்லையாம்மா?" புளிக்காய்ச்சலுக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் கேட்டதில்லை.

அதன் பிறகு தெரிந்தவர் வீடு இல்லை. அனந்தபுரத்தில் இரவு தங்கி, காலையில் உக்கானி. பொரியை நனைத்துப் பிழிந்து, வெங்காயம் பச்சைமிளகாயோடு தாளித்து, பொட்டுக்கடலைப் பொடி தூவி, பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி. ராயலசீமைப் பக்கம் போகிறவர்கள் இட்லியைத் தேடாமல் இதைக் கேளுங்கள். பெங்களூரில் நிற்கவில்லை. தொப்பூர் கணவாய் இறங்கும்போது வெயில் சாய்ந்தது. சேலத்தில் தட்டுவடை செட்டும் டீயும்.

மதுரை வந்து சேர்ந்தபோது ராத்திரி பதினொரு மணி. லாரி இன்னும் வரவில்லை. போனில் கேட்டால் இன்னும் இரண்டு நாள் என்றார்கள். வெறும் வீடு, பேசினால் எதிரொலித்தது. கீழ் வீட்டு அம்மா சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தார். "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய் ஒரு சட்டி சுடுசோறும் நான்கு அப்பளமும் கொண்டுவந்து வைத்தார்.

நான்காவது பாட்டிலைத் திறந்தேன். தரையில் செய்தித்தாள் விரித்து, டில்லி அடுப்பில் காய்ச்சிய புளியை மதுரைச் சோற்றில் பிசைந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். மிச்சம் இருந்த பாதி பாட்டிலைக் காலையில் கீழ் வீட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.