இரண்டாம் தவணை

பிப்ரவரி 6, 2024

தருமபுரியிலிருந்து இரவு பதினோரு மணிக்கு விடுதிக்குத் திரும்பினேன். சிறு குழுக்களுக்கு நிதி எப்படி வருகிறது என்ற ஆய்வுக்காகப் பதினான்கு கேள்வித்தாள்களை நிரப்பியும் மனம் நிறையவில்லை. சாமை அரைவை நடத்தும் குழுவின் தலைவி காதில் கம்மல் இல்லை. துளை தூர்ந்துவிடாமலிருக்க இரண்டு காதிலும் வேப்பங்குச்சி செருகியிருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "ரெண்டாம் தவணை வந்ததும் மீட்டுக்கலாம் கண்ணு" என்றார். எங்கள் கேள்வித்தாளில் நிதியைப் பற்றி ஒன்பது கேள்விகள் உள்ளன. எவ்வளவு, யாரிடமிருந்து, என்ன நிபந்தனையில் என்றெல்லாம் கேட்கிறோம். எப்போது வந்தது என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை.

பிப்ரவரி 7

என் உதவித்தொகையும் இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 9

தருமபுரிக் குழுவின் தீர்மானப் புத்தகத்தின் படங்களை இன்று முழுவதும் படித்தேன். ஜூனில் ஒரு நிறுவனத்தின் நிதியுதவிக்கான ஒப்புதல் கடிதம். ஆகஸ்டில் முதல் தவணை. அதில் உமி நீக்கும் இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். கொள்முதலுக்கான இரண்டாம் தவணை நவம்பரில் வந்திருக்க வேண்டும். முதல் தவணையைச் செலவழித்ததற்கு ஆதாரமாக அக்டோபரில் அனுப்பிய பயன்பாட்டுச் சான்றிதழ், தணிக்கையாளர் முத்திரை தெளிவாக இல்லையென்று ஒருமுறையும், ரசீதில் குழுவின் பழைய பெயர் இருந்ததென்று மறுமுறையும் திரும்பி வந்திருக்கிறது. அதற்குள் அறுவடை தொடங்கிவிட்டது. அப்போது வாங்காவிட்டால் வியாபாரி களத்துமேட்டிலேயே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். பிறகு இயந்திரம் ஆண்டு முழுவதும் சும்மா கிடக்கும். ஆகவே மூன்று பெண்கள் நகைகளை அடகு வைத்து 1,80,000 ரூபாய் புரட்டி, நாலரை டன் சாமை வாங்கியிருக்கிறார்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் 1,800. நிதி தரும் நிறுவனத்துக்கு நிதி பெறும் பெண்கள் கடன் கொடுத்து, அதற்கான வட்டியையும் தாங்களே கட்டிவருகிறார்கள். இதைப் பதிவதற்கு என் அட்டவணையில் கட்டமே இல்லை.

பிப்ரவரி 15

தேதிக்கு ஒரு கேள்வி சேர்க்கலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். 62 குழுக்களிடம் கேட்டு முடித்த பிறகு கேள்வித்தாளை மாற்றினால் பழைய விடைகளோடு ஒப்பிட இயலாது என்றார். அவர் சொல்வது முறைதான். குறிப்புப் பகுதியில் எழுதிக்கொள்ள அனுமதி பெற்றேன்.

பிப்ரவரி 24

சமூகப் பங்குச் சந்தை குறித்த பகுதியை எழுதினேன். சமூக நோக்க அமைப்புகள் பத்திரம் வெளியிட்டு நிதி திரட்ட வழிசெய்யும், 2019 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட திட்டம் இது. முதல் பட்டியலிடலாகப் பெங்களூரின் உன்னதி அறக்கட்டளை கடந்த டிசம்பரில்தான் தேசியப் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. வட்டியும் கிடையாது, முதலும் திரும்பாது என்று தெரிந்தே அந்தப் பத்திரத்தை வாங்குகிறார்கள். அந்த மனத்தை நான் மதிக்கிறேன். பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி கடந்த நவம்பரில், இப்படித் திரட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையை ஒரு கோடியிலிருந்து 50 லட்சமாகக் குறைத்ததையும் வரவேற்றே எழுதினேன். ஆனால் தருமபுரிக் குழுவின் இரண்டாம் தவணை மூன்று லட்சம்தான். அவர்களுக்கு அந்த வாசல் இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

மார்ச் 2

இன்றும் அந்த வேப்பங்குச்சி நினைவுக்கு வந்தது.

மார்ச் 11

நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135. பெரிய நிறுவனங்கள் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டியது, மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம். இதுவரை நானும், ஆண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டிய சட்டக் கட்டாயத்தால்தான் மார்ச்சில் பணம் அவசரமாக வருகிறது என்று எழுதிவந்தேன். 2021 திருத்தத்தை மீண்டும் படித்தபோது அது முழு உண்மை இல்லை என்று புரிந்தது. தொடரும் திட்டமென்றால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். கார்த்திகை அறுவடைக்குப் பணம் காத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நிதிப்பிரிவில் இருப்பவருக்கு ஆண்டு மார்ச்சில் முடிகிறது, சாமைக்கோ தை பிறக்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

மார்ச் 17

நேற்றுத் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். தலைவி தொலைபேசியில் அழைத்தார். சாமை அரிசி விற்ற 68,000 ரூபாயை வங்கிக்குக் கொண்டுபோக வேண்டுமாம். ஆவணமில்லாமல் 50,000-க்கு மேல் இருந்தால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும் என்பதால், பல்கலைக்கழகத் தாளில் ஒரு கடிதம் தர முடியுமா என்று கேட்டார். அந்த அதிகாரம் எனக்கு இல்லை. விற்பனை ரசீதுகளையும் தீர்மான நகலையும் உடன் எடுத்துச் செல்லுங்கள் அக்கா என்று மட்டும் சொன்னேன். அவரிடம் இரண்டு மணி நேரம் விடை வாங்கிய எனக்கு, கொடுப்பதற்கு அவ்வளவுதான் இருந்தது.

மார்ச் 30

இரண்டாம் தவணை வரவாகிவிட்டது என்று செய்தி அனுப்பியிருக்கிறார். அறையில் தனியாக இருந்தும் எழுந்து நின்று கைதட்டினேன்.

ஏப்ரல் 8

நகையை மீட்டாயிற்றா என்று கேட்டேன். இல்லையாம். பணம் வருவதற்கு முந்தைய தேதியிட்ட கொள்முதல் ரசீதுகளை அந்த நிறுவனம் ஏற்காதாம். வட்டியும் கணக்கில் சேராதாம். இனிச் சாமை வாங்கினால்தான் செலவு காட்ட முடியும். உள்ளூரில் சாமை இப்போது வியாபாரியின் கிடங்கில்தான் இருக்கிறது. டிசம்பரில் இவர்கள் கொடுத்த விலைக்கு அவர் தரமாட்டார். பணம் கணக்கில் இருக்கிறது, கம்மல் அடகில் இருக்கிறது. விளக்கக் கடிதம் ஒன்றை இரவு இரண்டு மணி வரை அவர்களுக்காக எழுதினேன். ஆய்வாளர் இதைச் செய்யலாமா என்று பேராசிரியரைக் காலையில் கேட்க வேண்டும். அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன்.

ஏப்ரல் 20

தேதிகளைப் பின்னிணைப்பாகச் சேர்க்கப் பேராசிரியர் ஒப்புக்கொண்டார். 62 குழுக்களையும் மீண்டும் தொலைபேசியில் அழைத்து, ஒப்புதல் நாள், வரவு நாள், இடையில் எதை அடகு வைத்தார்கள் என்ற மூன்றை மட்டும் கேட்க வேண்டும். இன்று நான்கு பேர் எடுத்தார்கள். நான்காவது அம்மா தேதியைப் பார்த்துச் சொல்கிறேன் என்று புத்தகத்தை எடுக்கப் போனார், இணைப்பு துண்டித்துவிட்டது.